விமானம் போச்சு; வேலையும் போச்சா?

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நடக்கக் கூடிய காட்சி இது.

தூத்துக்குடி விமானம் ஒன்றரை மணி நேரம் லேட். அதில் வந்த ஒரு வாலிபர், பெட்டி வரும்வரை தவித்து நின்று, அதை இழுத்துக்கொண்டு வெளிநாட்டு முனையத்துக்கு ஓடுகிறார். உடம்பெல்லாம் வியர்வை.

"கவுண்ட்டரை மூடிட்டோம், சார்!"

"பிளேன் கிளம்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கே, மேடம்?"

"ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடிடுவோம். ஒண்ணும் பண்ண முடியாது."

அவ்வளவுதான்! துபாயில் வேலை. நாளைக் காலையில் ஆஜராக வேண்டும். வீட்டு நகையை அடகு வைத்து எடுத்த டிக்கெட் செல்லாக் காசாகி விட்டது.

தாம்பரம் லோக்கலைத் தவற விட்டால் அடுத்த வண்டியில் போகலாம். துபாய் விமானத்தைத் தவற விட்டால்? புது டிக்கெட் வாங்கப் பணம் வேண்டும். முதலாளி காத்திருக்க வேண்டும். விசாவின் தேதி தாண்டாமல் இருக்க வேண்டும். இதற்கு யார் பொறுப்பு?

முதல் கம்பெனியைக் கேட்டால், "உங்களைச் சென்னையில் இறக்கி விட்டோம், எங்கள் வேலை முடிந்தது" என்கிறது. இரண்டாவது கம்பெனியைக் கேட்டால், "நீங்கள் நேரத்துக்கு வரவில்லை" என்கிறது. இரண்டு பேர் சொல்வதும் சட்டப்படி சரி! நடுவில் நசுங்குகிறவர் பயணி.

ஒரு டிக்கெட்டா, இரண்டா?

விஷயம் டிக்கெட்டில் இருக்கிறது. தூத்துக்குடியில் இருந்து துபாய் வரை ஒரே டிக்கெட்டாக எடுத்தால், இரண்டு விமானத்துக்கும் நடுவே குறைந்தபட்சம் இவ்வளவு நேரம் வேண்டும் என்று கணக்குப் பார்த்துத்தான் விற்பார்கள். முதல் விமானம் லேட்டாகி அடுத்தது தவறினால், வேறு விமானத்தில் அனுப்பி வைப்பது கம்பெனியின் பொறுப்பு. பெட்டியையும் பெரும்பாலும் கடைசி ஊர் வரைக்கும் அவர்களே அனுப்பி விடுவார்கள்.

இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. சென்னையில் பெட்டியை எடுக்க வேண்டும். வெளியே வந்து பன்னாட்டு முனையத்துக்குப் போக வேண்டும். வாசலில் பாஸ்போர்ட்டைக் காட்டி, மறுபடி பெட்டியைப் போட்டு, குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடிக்க வேண்டும்.

எடைக் கணக்கும் மாறும். உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோதான் இலவசம். வளைகுடா டிக்கெட்டில் 30 கிலோ என்று போட்டிருப்பதை நம்பி மூட்டை கட்டினால், தூத்துக்குடியிலேயே கூடுதல் பணம் கட்ட நேரும்!

சென்னையிலாவது காமராஜர் பெயர் கொண்ட உள்நாட்டு முனையமும், அண்ணா பெயர் கொண்ட பன்னாட்டு முனையமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மும்பையில் சாந்தாகுரூஸ் முனையத்தில் இறங்கி, சகார் முனையத்துக்குப் போக வேண்டுமானால் ஊர் ரோட்டில்தான் போக வேண்டும். போக்குவரத்து நெரிசலில் மாட்டினால் அதோ கதிதான்!

ஏஜெண்டு சொல்வது என்ன?

பயணி இதையெல்லாம் தெரிந்தா இரண்டு டிக்கெட் எடுக்கிறார்? "ரெண்டு மணி நேரம் இருக்குல்ல தம்பி, தாராளமாப் போயிடலாம்!" என்கிறார் ஏஜெண்டு. சில நூறு ரூபாய், சில ஆயிரம் ரூபாய் குறைகிறதே என்று இவரும் தலையாட்டுகிறார். இரண்டு டிக்கெட்டையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தால், பார்ப்பவருக்கு ஒரே டிக்கெட் போலத்தான் தெரியும்.

எல்லா ஏஜெண்டுகளையும் குறை சொல்லவில்லை. எச்சரித்து விற்கும் நாணயஸ்தர்களும் உண்டு. ஆனால் சொல்வதும் சொல்லாததும் அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடக் கூடிய காரியமா இது?

ரயில்வேயைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 1-ந்தேதி முதல் ஒரு வசதி இருக்கிறது. இரண்டு ரயில் டிக்கெட்டுகளை முன்கூட்டியே இணைத்து வைத்தால், முதல் ரயில் லேட்டாகி அடுத்த ரயில் தவறும்போது, பயணம் செய்யாத பகுதிக்கான கட்டணத்தைத் திரும்பப் பெறலாம்.

"ரயில்வேக்கு ஒரே முதலாளி, விமானக் கம்பெனிகள் அப்படியா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு கம்பெனியின் தாமதத்துக்கு இன்னொரு கம்பெனி நஷ்டப்பட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒருவருக்காக ஒரு விமானத்தையே நிறுத்தி வைக்கவும் சொல்லவில்லை. நாம் கேட்பது மூன்றுதான்.

ஒன்று: "இவை தனித்தனி டிக்கெட்டுகள், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பு இல்லை" என்று ஏஜெண்டு ரசீதில் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட வேண்டும். இதைச் சட்டமாக்க வேண்டும்.

இரண்டு: உள்நாட்டு விமானத்தில் இறங்கி வெளிநாடு போகிறவர்களுக்கு வழிகாட்ட, தமிழ் பேசும் உதவியாளர்கள் ராத்திரி பகல் எந்நேரமும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 8-ந்தேதி திறந்த புதிய முனையம் பளபளப்பாக இருக்கிறது. சந்தோஷம்! முதன்முறை விமானம் ஏறும் கிராமத்துக்காரருக்கு அந்தப் பளபளப்பு வழி சொல்லுமா?

மூன்று: முதல் விமானம் லேட் என்பதற்கு அத்தாட்சி காட்டுகிறவருக்கு, அடுத்த விமானத்தில் இடம் காலியாக இருந்தால், அபராதம் இல்லாமல் தர வேண்டும். காலியாகப் பறக்கும் சீட்டால் யாருக்கு லாபம்?

பயணிகளும் உஷாராக இருக்க வேண்டும். "ஒரே டிக்கெட்டா?" என்று கேட்டு வாங்குங்கள். பெட்டியில் கட்டும் சீட்டைப் பாருங்கள். எம்.ஏ.ஏ. என்று மட்டும் இருந்தால் பெட்டி சென்னையோடு சரி, டி.எக்ஸ்.பி. என்று இருந்தால்தான் துபாய் போகும். தனித்தனி டிக்கெட் என்றால் அரை நாள் இடைவெளி விடுங்கள். முடிந்தால் முந்தின நாளே வந்து விடுங்கள். ஒரு நாள் லாட்ஜ் வாடகை, ஒரு வேலையை விடப் பெரிது அல்ல.

ஏற முடியாமல் போனாலும் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டு விடாதீர்கள். இந்திய விமானக் கம்பெனிகள் அதில் உள்ள விமான நிலையக் கட்டணத்தையும் வரியையும் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டில் உழைத்து, வீட்டுக்குப் பணம் அனுப்பப் போகிறவர்கள் இவர்கள். வழியிலேயே அவர்களைத் தவிக்க விடலாமா? விமானத் துறை அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். ரசீதில் இரண்டு வரி அச்சடிக்கப் பெரிய செலவு ஒன்றும் ஆகி விடாது.

செய்வார்களா?