ஒலித்தணிவும் தைரொயிட்டுச் சுரப்பியும்

கழுத்திலே சிறு வீக்கங் கண்டு, கழியொலிப் படம் எடுப்பித்து, ஆங்கிலத்தில் எழுதிய துண்டொன்றுடன் வீடு திரும்பும் தாய்மாரை நாம் யாவரும் அறிவோம். சுரப்பி சற்றே கருமையாகத் தோன்றுகின்றதென்று அதிற் கண்டிருக்கும். எவ்வளவு கருமை? எதனோடு ஒப்பிட்டு? இவற்றுக்கு எண்ணால் விடைகூற முயலும் முறையே ஒலித்தணிவை அளத்தல். பிறர் முடிவை எதிர்பார்த்து வாளாவிராது, அதனை இக்குடாநாட்டிலும் ஆராயத் தொடங்கல் வேண்டுமென்பது எமது கருத்து.

ஒலி தணிதல் யாதென்பதை நம்மூரார்க்கு விளக்கல் அரிதன்று. தேர்த் திருவிழா நாளில் ஊரின் புறத்தே நிற்பார்க்குத் தவிலின் தாழ்ந்த முழக்கம் கேட்கும். தாளத்தின் மெல்லோசை கேளாது. மீடிறன் உயர உயர ஒலி விரைவில் தேயும். உடலின் மென்மையான இழையங்களிலும் அவ்வாறே. ஒரு மெகாஹேட்சுக்கு, ஒரு சென்ரிமீற்றருக்கு, ஏறத்தாழ அரை டெசிபெல் என்பது பொதுக் கணக்கு. 10 மெகாஹேட்சு ஒலியை 2 சென்ரிமீற்றர் ஆழஞ் செலுத்தின் 10 டெசிபெல் குறையும். அஃதாவது செறிவு பத்திலொன்றாகும். திரும்பும் வழியிலும் அவ்வளவே இழப்பாதலின், முழுவதும் தெறித்து மீளினும் நூறிலொன்றே மிஞ்சும். இக்குறையைப் பொறியே ஈடுசெய்து படத்தை ஒளிரச் செய்கின்றது. குமிழைச் சிறிது திருப்பினாற் கருமை வெண்மையாகும். கண்ணை மட்டும் நம்புதற்கு எல்லையுண்டென்பது இதனாற் பெறப்படும்.

நலமுள்ள சுரப்பி கூழ்ப்பொருள் நிறைந்த நுண்பைகளாலானது. படத்தில் அருகிலுள்ள தசையினும் வெண்மையாகத் தோன்றும். 1912 இல் யப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ விவரித்த நோயிலோ, உடலின் காவற்கலங்களே சுரப்பியுட் புகுந்து அப்பைகளை அழிக்கின்றன, நாரிழையமும் படர்கின்றது. இழையம் மாறுமிடத்து அது ஒலியை விழுங்கும் அளவும் மாறுமன்றோ? ஈரலிற் கொழுப்பை மதிப்பிட இம்முறை ஏலவே வழக்கில் வந்துவிட்டது. தைரொயிட்டில் அந்நிலை இன்னும் எய்தவில்லை. சுரப்பி சிறிது, ஒலி செல்லும் வழி குறுகியது, கழுத்து நாடி பக்கத்தே துடிக்கின்றது. குருதிப் பரிசோதனைக்கோ, ஐயமுள்ள கட்டியில் ஊசியிட்டுக் கலங்களை எடுத்துப் பார்த்தலுக்கோ இது மாற்றாகாது. தணிவெண் ஒன்றைக் கொண்டே புற்றென்றும் அன்றென்றும் தீர்ப்புரைப்பார் உளராயின், அவரைவிட்டு விலகுதல் நன்று.

இலங்கையில் நெடுங்காலமாகக் கழலை மிக்கதென அறியப்பட்டது தென்மேற்கின் ஈரவலயம். உப்பில் அயடீன் சேர்த்தல் 1995 இற் சட்டமாயிற்று. நாமோ சுண்ணக்கற் பாறையின் கிணற்றுநீர் பருகுவோர். அயல்நாட்டார் கழுத்தில், வேறொரு பொறியால், வேறொரு மீடிறனிற் பெற்ற எண்ணை, சோதியாது இங்குள்ள ஒருத்திக்கு அளவுகோலாக்கல் தகுமோ? அலகெழுதாத விடைக்குப் புள்ளி வழங்காத பௌதிக ஆசிரியர்களிடம் கற்றோர் நாம். எப்பொறி, எம்மீடிறன் என்று கூறாத தணிவெண்ணும் அத்தகைய விடையே. முதலில் நலமுள்ளோர் பலரை இங்கே அளந்து பதிதல் வேண்டும். யாழ்ப்பாணத்து மருத்துவபீடம் 1978 முதல் இம்மண்ணில் உள்ளது. அங்கே பணிபுரியும் பழைய மாணவர்க்கு இது இயலாத காரியமன்று.

முடிவைத் தமிழிலும் எழுதிக் கொடுத்தல் வேண்டும். 1847 இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் ஆக்கினார். அமெரிக்கராகிய அவருக்கு இயன்றது நமக்கு இயலாதென்பது நாணத்தக்க சாட்டு.

நம் கல்லூரிக்கும் இதிற் பங்குண்டு. அகார்க் கூழிற் பென்சிற்கரித் தூளைக் கலந்து உறையவைத்தால், உடலிழையம் போல ஒலியைத் தணிக்கும் கட்டி கிடைக்கும். பொறிகளைச் சரிபார்க்க அத்தகைய கட்டிகளே பயன்படுகின்றன. தூளைக் கூட்டக் கூட்டத் தணிவு கூடுவதை உயர்வகுப்பு மாணாக்கர் தாமே அளந்து வரைபு கீறலாம். விழா நிதியில் வளைவு கட்டுவதா, மணிக்கூடு வைப்பதா என்று வாதாடும் அன்பர்கள், கழியொலி செலுத்தும் சிறு கருவியொன்றையும் ஆய்கூடத்துக்கென எண்ணிப் பார்ப்பார்களாக. அகாரும் கரித்தூளும் நாம் வாங்கித் தருவோம்.