பன்னிரண்டு அங்குலப் பிடிவாதம்

கணினியில் ஒட்டுப்புத்தகம் சமைக்கும் ஆர்வலர்கள் பலரும் தம் பக்கங்களைப் பன்னிரண்டு அங்குலச் சதுரமாகவே தொடங்குகிறார்கள். ஏன் அந்த அளவு என்று வினவினால், அதுதான் வழக்கம் என்பதற்கு மேல் விடை கிடைப்பதில்லை.

ஸ்க்ராப்புக் எனப்படும் இக்கலை அமெரிக்க இல்லங்களில் தாளும் கத்தரிக்கோலும் பசையுமாக வளர்ந்தது. மார்க் ட்வைன் 1873இல், முன்கூட்டியே பசை தடவிய பக்கங்களைக் கொண்ட ஒட்டுப்புத்தகம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார் என்பது இலக்கிய வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கலாம். பின்னாளில் அந்நாட்டுக் கடைகளில் 12 அங்குலச் சதுரத் தாள்களும் அதற்கேற்ற ஆல்பங்களும் பரவின. கணினிக்கு மாறியவர்கள் பசையையும் கத்தரிக்கோலையும் விட்டுவிட்டு அளவை மட்டும் சுமந்துவந்தனர்.

அந்த அளவு வீட்டு அச்சுப்பொறிக்குள் நுழையாது என்பதே சிக்கல். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. பன்னிரண்டு அங்குலமோ ஏறத்தாழ 305 மி.மீ. ஏ3 தாளின் அகலமும் 297 மி.மீ. தான், அதிலும் 8 மி.மீ. இடிக்கிறது. ஆகவே எழில்மிகு பக்கங்கள் வன்தட்டிலேயே உறங்குகின்றன. வீட்டில் அச்சிடுவதற்கென்று ஆக்கப்படும் பக்கத்தைத் தொடக்கத்திலிருந்தே எட்டு அங்குலச் சதுரமாக அமைக்க வேண்டும் என்பது நம் கருத்து.

கணக்கும் இதற்குத் துணைநிற்கிறது. அங்குலத்துக்கு 300 படப்புள்ளி என்ற அச்சுத்தரத்தில் 12 அங்குலச் சதுரம் ஒரு கோடியே 29 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகளைக் கொள்ளும். 8 அங்குலச் சதுரத்துக்கு 57 லட்சத்து 60 ஆயிரம் போதும். பக்கம் முழுவதும் நிறைந்த ஓர் அடுக்கு நினைவகத்தில் முன்னதில் 39 மெகாபைட் அளவும் பின்னதில் 17 மெகாபைட் அளவும் இடம்பிடிக்கும். இருபது அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் திருத்துகையில் பழைய கணினி எதற்கு மூச்சிரைக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே முடித்த பக்கங்களைச் சுருக்குவதும் எளிதே. வேறு பெயரில் படியெடுத்து, நீள அகல விகிதம் மாறாமல் 3600 புள்ளியை 2400 ஆக்க வேண்டும். புள்ளிகளைக் குறைக்காமல் 300 என்ற எண்ணை மட்டும் 450 என்று மாற்றினால் அச்சு எட்டு அங்குலமாகும்; கோப்பின் பளு குறையாது. போட்டோஷாப்பில் 'ஸ்கேல் ஸ்டைல்ஸ்' என்னும் தேர்வை இட மறந்தால் படங்களின் நிழல் பழைய தடிமனிலேயே நின்று, சிறுத்த படங்கள் காற்றில் மிதப்பதுபோல் தோன்றும். சதுரத்தை இழுத்து ஏ4 முழுவதும் நிரப்ப முயல்வது மட்டும் வேண்டாம். தாத்தாவின் முகம் புடலங்காய் ஆகிவிடும்.

பிற்காலத்தில் பெரிதாக அச்சிட நேர்ந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். மூலப் படங்களைச் சுருக்காமல் தனியே வைத்திருந்தால் அவ்வச்சம் தேவையற்றது. கடையில் 12 அங்குல நூலாகவே அச்சிடுபவர்களோடு நமக்கு வழக்கில்லை.

நம்மை உண்மையில் வருத்துவது எழுத்து. பன்னிரண்டை எட்டாக்கினால் 9 புள்ளி அளவிலான எழுத்து 6 ஆகிவிடும். படம் சிறுத்தாலும் படமாகவே இருக்கிறது. எழுத்து ஓர் எல்லைக்குக் கீழே எழுத்தாக இருப்பதில்லை. தமிழ் எழுத்துக்கு இன்னும் கேடு: ஒற்றின் மேற்புள்ளி மங்கிவிடும், கொகரமும் கோகாரமும் ஒன்றாகிவிடும். கடல்கடந்து வாழும் உறவினர் ஒருவர் அனுப்பிய 12 அங்குலப் பக்கத்தை நம் இல்லத்தில் சுருக்கி அச்சிட்டபோது, எண்பதைக் கடந்த அத்தை படத்தை உடனே அடையாளங்கண்டார். அடியிலிருந்த மூன்று வரிகளை அவரால் படிக்க இயலவில்லை. படத்திலிருந்த ஏழு பேரின் பெயரும் உறவுமுறையும் அந்த வரிகளில்தான் இருந்தன. அவர்களில் இருவரை நேரில் அறிந்தவர் இன்று அத்தை ஒருவரே. எழுதியது சரியா பிழையா என்று சொல்லக்கூடியவரும் அவரே. படித்துக் காட்டியபின் ஒரு பெயரை மாற்றச் சொன்னார்.

ஆகவே பக்கத்தைச் சுருக்கியபின் குறிப்பை மட்டும் மீண்டும் பெரிதாக்க வேண்டும்; முதியோர் படிப்பதற்கு 12 புள்ளிக்குக் குறைய வேண்டாம். இடம் போதவில்லையென்றால் பூவேலையில் ஒன்றிரண்டை நீக்கலாம், எவரும் அழமாட்டார்கள். தமிழ் எழுத்தைப் படமாக்கி ஒட்டியிருந்தால் மறுபடி தட்டச்சு செய்வதே வழி.

இன்னொரு வசதியும் உண்டு. எட்டு அங்குலச் சதுரத்தை ஏ4 தாளின் மேற்பகுதியில் அச்சிட்டால் கீழே ஏறத்தாழ 9 செ.மீ. வெற்றிடம் எஞ்சும். (பக்கவாட்டில் மூன்று மி.மீ. சொச்சமே மிஞ்சும், ஓரத்தை வெட்டிவிடும் அச்சுப்பொறியானால் ஏழரை அங்குலமாக்கிக் கொள்ளலாம்.) பலர் அந்த வெற்றிடத்தைக் கத்தரித்து எறிகிறார்கள். அது பெயர்களைக் கையால் எழுதவும், மூத்தவர்கள் சொல்லும் திருத்தத்தை அவர்கள் முன்னிலையிலேயே குறித்துக்கொள்ளவும் ஏற்ற இடம். பளபளப்பில்லாத தாளாக இருந்தால் பேனா தடையின்றி ஓடும்; பளபளப்புத் தாளில் மை காயும்வரை கைபடாமல் வைத்திருக்க வேண்டும்.