ஜப்பான் பயணமும் குடோன் சரக்கும்



இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மொத்தக் கடை நடத்துபவர்களிடம் டார்கெட் பேச வரும் கம்பெனிப் பிரதிநிதி, ஸ்கீம் தாளோடு ஒரு வண்ணத் தாளையும் நீட்டுவது வழக்கமாகிவிட்டது. முன்பு குக்கரும் தங்கக் காசும் பரிசாக இருந்தன. பிறகு பாங்காக், சிங்கப்பூர் வந்தன. இப்போது ஜப்பானும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. ஃபுஜி மலை, வெந்நீர் ஊற்று, டோக்கியோ நகரம், எல்லாம் இலவசம் என்கிறார்கள். மூன்று மாதத்தில் இன்ன தொகைக்குச் சரக்கு எடுத்தால் போதுமாம்.

வியாபாரி ஊர் சுற்றக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குக் கல்லாவைப் பூட்டுகிற நமக்குத்தான் ஓய்வு அதிகம் தேவை. மே 5 வணிகர் தினத்தையும் சில பண்டிகை நாட்களையும் விட்டால் நமக்கு விடுமுறை ஏது? சீசனில் குற்றாலம் போனாலும் ஒரு குளியல் போட்டுவிட்டு, மாலைக் கணக்குக்குள் கடைக்குத் திரும்பிவிடுகிறோம். ஆகவே பயணம் வேண்டும். ஆனால் அதை யார் பணத்தில், எந்தக் கணக்கில் போவது என்பதே கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று மாதத்தில் 30 லட்ச ரூபாய்க்குச் சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரி ஒருவருக்கு 50 லட்சம் டார்கெட் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக எடுத்த 20 லட்சம் புது வியாபாரம் அல்ல. வரும் மாதங்களில் விற்க வேண்டியதை முன்கூட்டியே வாங்கிக் குடோனில் அடுக்கியதுதான். அடுத்த காலாண்டுக்கும் டார்கெட் உண்டு என்பதால் இந்தச் சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழியும். ஆறு மாதத்தில் கழிகிறது என்றால், சராசரியாகப் பத்து லட்சம் ஆறு மாதம் முடங்குகிறது. பேங்க் ஓ.டி. வட்டி 12 சதவிகிதம் என்றால் 60,000 ரூபாய். சரக்கைத் தள்ள 2 சதவிகிதம் விலை குறைத்தால் 40,000 ரூபாய்.

வரியும் உண்டு. வியாபாரத்தின் பேரில் கிடைக்கும் இத்தகைய பலன் வருமான வரிச் சட்டப்படி நம் வருமானம்தான். 2022 ஜூலை 1 முதல், ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் இப்படிப் பலன் தரும் கம்பெனி, அதன் மதிப்பில் 10 சதவிகித வரி கட்டப்பட்டதை உறுதி செய்துகொண்ட பிறகே தர வேண்டும். பான் எண்ணில் அது பதிவாகிவிடும், மறைக்க முடியாது. பயணத்தின் மதிப்பு 2 லட்சம் என்றால், 20 சதவிகித வரி விகிதத்தில் இருப்பவருக்கு மொத்தம் 40,000 ரூபாய் வரி. செஸ் தனி.

மூன்றையும் கூட்டினால் 1,40,000 ரூபாய். குடோன் வாடகை, எலி கடித்தது, காலாவதியானது எதையும் இதில் சேர்க்கவில்லை. இலவசம் என்றது எங்கே போயிற்று? 50 லட்சத்துக்கு 48 லட்சம் எடுத்து நின்றுவிட்டவர் நிலை இன்னும் மோசம். அவருக்குப் பயணமும் இல்லை. சரக்கு மட்டும் மிச்சம்.

நஷ்டம் அவரோடும் நிற்பதில்லை. டார்கெட்டுக்காக எடுத்த சரக்கை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் இராஜபாளையம் லைனில் அடக்க விலைக்கும் கீழே கொடுக்கிறார். இராஜபாளையத்துக்காரர் பதிலுக்கு அங்கே போய்க் கொடுக்கிறார். இருவருமே நம் சங்கத்தார்தான்! ஒரு பெட்டி கேட்ட சிறு மளிகைக் கடைக்காரர் தலையில் ஐந்து பெட்டி ஏற்றப்படுகிறது. தேதி முடிந்ததும் திருப்பி எடுக்க ஆள் வருவதில்லை. கடைசியில், ஒருவரின் ஜப்பான் டிக்கெட்டுக்குப் பத்துச் சில்லறைக் கடைகள் பணம் கட்டியதாக ஆகிறது.

அந்தப் பயணமாவது நம் விருப்பப்படி இருக்கிறதா? டிக்கெட் பெரும்பாலும் ஒருவருக்குத்தான். நாம் கொள்முதலுக்கு விருதுநகர் போகும்போதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து கடையைக் காப்பாற்றும் வீட்டம்மாவுக்கு அதில் இடம் இல்லை. தேதியும் கம்பெனி வைத்ததே. டோக்கியோவில் செர்ரி பூப்பது மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். நமக்கோ அது ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம்.

ஜப்பான் பார்க்க வேண்டிய நாடுதான். அதிலும் வியாபாரி பார்க்க வேண்டிய நாடு. அங்கே 1948இல் வெந்நீர் ஊற்றுகளுக்கென்றே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஊற்று நீர் 25 டிகிரி வெப்பமாவது இருக்க வேண்டும், அல்லது சட்டத்தில் சொன்ன தாதுப் பொருளாவது அதில் இருக்க வேண்டும். முதலில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பைச் சுத்தமாகக் கழுவிவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டியில் ஆடை கூடாது. ஆண், பெண் இடம் பொதுவாகத் தனித்தனி. தண்ணீர் பல இடங்களில் 40 டிகிரிக்கு மேல் இருக்கும். ஆகவே இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போவது நல்லது. டோக்கியோவிலிருந்து எளிதாகப் போய்வரக்கூடிய ஹகோனேயில் கந்தகப் புகை எழும் பள்ளத்தாக்கு உண்டு. அங்கே ஊற்று நீரில் வேகவைத்த கறுப்பு ஓட்டு முட்டையை விற்கிறார்கள். கி.பி. 705இல் தொடங்கிய வெந்நீர் ஊற்று விடுதி ஒன்று யமனாஷி மாவட்டத்தில் இன்னும் நடக்கிறது. உலகின் மிகப் பழைய விடுதி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

டோக்கியோவில் நிஹோன்பாஷி என்ற இடத்தில் மிட்சுகோஷி என்னும் பெரிய கடை இருக்கிறது. அது 1673இல் மிட்சுய் தகதோஷி என்ற வியாபாரி தொடங்கிய ஜவுளிக் கடையின் வழி வந்தது. அந்தக் காலத்தில் பணக்காரர் வீடுகளுக்குத் துணியைக் கொண்டுபோய், பேரம் பேசி, கடனுக்கு விற்பதுதான் வழக்கம். அவர் ஒரே விலை, ரொக்க விற்பனை என்று வைத்தார். வேண்டிய அளவு வெட்டியும் கொடுத்தார். கடனில் முதலை முடக்காததே அந்தக் கடையின் பலம். இதைப் பார்க்கக் கடன் சரக்கைத் தலையில் சுமந்துகொண்டு போவது பொருத்தமாகவா இருக்கிறது?

ஊர் பார்க்கும் வழியையும் அவர்களிடமே கற்கலாம். அந்தக் காலத்தில் ஜப்பானியக் கிராமத்தார் ‘கோ’ என்று ஒரு கூட்டு வைத்திருந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுச் சேர்த்து, குலுக்கலில் பெயர் வந்தவர்களை இசே என்ற புனிதத் தலத்துக்கு அனுப்புவார்கள். ஒருவர் செலவைத் தாங்க முடியாத பயணம் பலர் சேர்ந்ததால் நடந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல மற்றவர்களுக்கும் முறை வந்தது. மகமை வைத்துப் பள்ளிக்கூடம் நடத்திய மாவட்டத்துக்காரர்களான நமக்கு இது புதிய பாடம் அல்ல.

ஆகவே என் யோசனை இது. பயணம் போக விரும்பும் உறுப்பினர்கள் பதினைந்து, இருபது பேர் ஒன்றுசேரட்டும். கல்லாவிலிருந்து தினம் 200 ரூபாய் எடுத்து, மாதம் 6,000 ரூபாயை அவரவர் பெயரிலேயே தபால் நிலைய ஆர்.டி.யில் ஐந்தாண்டு கட்டட்டும். வட்டியோடு நான்கு லட்சத்தைத் தாண்டும். கணவன் மனைவி இருவருக்கும் ஆகும். பணத்தை ஒருவர் கையில் கொடுத்து வைக்க வேண்டாம். சீட்டு நடத்துவதென்றால் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. தீபாவளி வியாபாரம் முடிந்து, பொங்கல் சரக்கு இறக்குவதற்கு முன், நவம்பர் பின்பாதியில் போகலாம். அப்போது கியோட்டோவில் மரங்கள் சிவந்து நிற்கும். வெந்நீர்க் குளியலுக்கு ஏற்ற குளிரும் இருக்கும். டூர் ஏஜென்சி வசூலிக்கும் டி.சி.எஸ். தொகைக்கு ரசீது வாங்கினால் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்.

200 ரூபாய் முடியாதவர்கள் 50 ரூபாய் சேர்க்கட்டும். பத்ரிநாத்தில் தப்த குண்டமும் இமாச்சலத்தில் மணிகரணும் வெந்நீர் ஊற்றுகள்தாம். அதுவும் தூரம் என்றால் வீட்டோடு குற்றாலத்தில் இரண்டு நாள் தங்கி வரட்டும். கல்லாவில் உட்கார வேண்டிய கவலையின்றிக் குளிப்பதே பெரிய சுகம்.

கம்பெனிப் பிரதிநிதி அடுத்த முறை வண்ணத் தாளை நீட்டும்போது, “பயணத்துக்கு ஆகும் பணத்தைப் பில்லிலேயே தள்ளுபடியாகக் கொடுங்கள், சரக்கு விற்கிற அளவுக்கு எடுத்துக்கொள்கிறோம்” என்று நாம் எல்லோரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னால் அவர் ஏஜென்சியை எடுத்து அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார்கள். இரண்டு ஊர் வியாபாரிகளும் சேர்ந்து சொன்னால் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.