சிலேடையில் எழுதிய சமாதானம்

2001 ஜூன் 18. இம்பாலில் மணிப்பூர் சட்டசபைக் கட்டடம் கொழுந்துவிட்டு எரிந்தது. தெருவில் திரண்ட ஆயிரக்கணக்கானோர் மீது துப்பாக்கிச் சூடு. 18 பேர் பலி. காரணம், நான்கு நாட்களுக்கு முன் பாங்காக்கில் கையெழுத்தான ஒரு காகிதம். முழுக் காகிதம்கூட அல்ல. அதிலிருந்த மூன்று ஆங்கிலச் சொற்கள். தமிழில் சொன்னால், 'நில எல்லை வரம்பின்றி'.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காகிதம் யார் மீதும் போர் தொடுக்கவில்லை. நாகாலாந்து தேசிய சோஷலிஸ்ட் கவுன்சிலின் ஐசக்-முய்வா பிரிவுக்கும் (என்.எஸ்.சி.என்.) மத்திய அரசுக்கும் இடையே 1997 ஆகஸ்ட் 1 முதல் அமலில் இருந்த போர் நிறுத்தத்தை அது நீட்டித்தது. அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று சொற்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் படித்தார்கள். தில்லிக்கு அது, எங்கே சந்தித்தாலும் சுட்டுக்கொள்ள வேண்டாம் என்ற ஏற்பாடு. போராளிகளுக்கு, நாகர்கள் வாழும் நிலம் முழுவதும் ஒன்றே என்பதற்கான ஒப்புதல். இம்பால் சமவெளியின் மெய்தேய் மக்களுக்கோ, மணிப்பூரை வெட்டி அகண்ட நாகாலாந்து அமைப்பதற்கான முதல் கோடு. அடுத்த மாதமே தில்லி அந்தச் சொற்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. செத்தவர்களைத் திரும்பப் பெற முடியவில்லை.

தமிழில் சிலேடை என்று ஓர் அணி உண்டு. ஒரே வரி இரண்டு பொருள் தரும். காளமேகப் புலவர் கையில் அது விருந்து. கோப்பு எழுதும் அதிகாரிகள் கையில் அது வேறு காரியத்துக்குப் பயன்படுகிறது. இரு தரப்புக்கும் ஒத்துவராத விஷயத்தில், இருவரும் தத்தம் இஷ்டப்படி அர்த்தம் செய்துகொள்ளும்படி ஒரு வரி எழுதிவிட்டால் கையெழுத்து கிடைத்துவிடும். புகைப்படம் எடுக்கலாம். நாடாளுமன்றத்தில் மேஜை தட்டலாம். கணக்கு மட்டும் பின்னால் வந்து சேரும்.

நாகர் விவகாரத்தில் இந்தப் பழக்கம் சுதந்திர இந்தியாவைவிட மூத்தது. 1947 ஜூனில் அசாம் ஆளுநர் சர் அக்பர் ஹைதரி கோஹிமாவுக்குச் சென்று நாகா தேசிய கவுன்சிலுடன் ஒன்பது அம்ச உடன்பாடு ஒன்றைச் செய்தார். முதல் எட்டு அம்சங்கள் நீதி, நிர்வாகம், நிலம், வரி என்று ஒழுங்காகவே இருந்தன. ஒன்பதாவதில்தான் வினை. பத்து ஆண்டுகள் முடிந்ததும், இந்த உடன்பாட்டை நீட்டிக்க வேண்டுமா அல்லது நாகர்களின் எதிர்காலம் பற்றிப் புதிய உடன்பாடு வேண்டுமா என்று நாகா கவுன்சிலிடம் கேட்கப்படும் என்றது அது. பத்து ஆண்டுகளுக்குப் பின் பிரிந்துபோகும் உரிமை கிடைத்துவிட்டது என்று படித்தார்கள் நாகர்கள். இந்தியாவுக்குள் இருந்துகொண்டே ஏற்பாட்டைத் திருத்தலாம் என்று படித்தது தில்லி. பத்து ஆண்டு ஆவதற்கு முன்பே மலையில் துப்பாக்கி வெடித்தது. 1956 மார்ச்சில் தலைமறைவு இயக்கம் தனக்கென 'கூட்டாட்சி அரசு' ஒன்றை அறிவித்தது. இந்தியா ராணுவத்தை அனுப்பியது. 1958இல் ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் வந்தது.

அடுத்து 1975 நவம்பர் 11. நெருக்கடி நிலைக் காலம். ஷில்லாங்கில் ஆளுநர் எல்.பி. சிங்கும் தலைமறைவு இயக்கங்களின் பிரதிநிதிகள் சிலரும் கையெழுத்திட்டார்கள். இந்திய அரசியல் சாசனத்தைத் தாங்களாகவே நிபந்தனையின்றி ஏற்பதாக அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆயுதங்களை ஒப்படைக்கவும் சம்மதித்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், மூன்றாவது அம்சம் வேறு கதை சொன்னது. இறுதித் தீர்வுக்காக மற்ற பிரச்சினைகளை வகுத்துக்கொள்ள அவர்களுக்கு நியாயமான அவகாசம் தரப்படுமாம். சாசனத்தை ஏற்ற பிறகு பேச என்ன மிச்சம்? என்னென்ன பிரச்சினைகள்? எவ்வளவு அவகாசம்? காகிதத்தில் பதில் இல்லை. லண்டனில் இருந்த மூத்த தலைவர் பிஸோ அதை ஏற்கவும் இல்லை, வெளிப்படையாக நிராகரிக்கவும் இல்லை. எல்லைக்கு அப்பால் இருந்த முய்வாவும் ஐசக் சிசி சூவும் அதைத் துரோகம் என்றார்கள். 1980இல் கப்லாங்குடன் சேர்ந்து என்.எஸ்.சி.என்.னைத் தொடங்கினார்கள். சண்டையை முடிப்பதற்குப் போட்ட ஒப்பந்தம், அதற்கு முன் இருந்ததைவிட வலுவான ஓர் இயக்கத்துக்கு வித்திட்டது. 1988இல் அந்த இயக்கமும் இரண்டாக உடைந்தது. அதன் பிறகு இந்திய ராணுவம் சுட்டது போதாதென்று நாகரை நாகரே சுட்டுக்கொண்டார்கள்.

நரசிம்ம ராவ் 1995இல் பாரிஸில் முய்வாவையும் ஐசக்கையும் சந்தித்த பிறகுதான் காற்று மாறியது. பின்னர் தேவ கவுடா ஜூரிச்சில் சந்தித்தார்; குஜ்ரால் காலத்தில் போர் நிறுத்தம் வந்தது; வாஜ்பாய் பாரிஸில் பேசினார். கட்சி மாறினாலும் கொள்கை மாறவில்லை என்பது இந்திய அரசியலில் அபூர்வம். 2002இல் ஆம்ஸ்டர்டாமில், நாகர்களின் வரலாறும் நிலைமையும் தனித்தன்மை வாய்ந்தவை என்று மத்திய அரசு ஒப்புக்கொண்டது. தனித்தன்மைக்கு விளைவு என்ன என்பது மட்டும் திறந்தே விடப்பட்டது.

பிறகு 2015 ஆகஸ்ட் 3. பிரதமர் நரேந்திர மோடியின் முன்னிலையில் முய்வாவும் மத்திய அரசின் தூதர் ஆர்.என். ரவியும் கட்டமைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். வரலாற்றுச் சிறப்பு மிக்கது என்று அறிவிக்கப்பட்ட அந்த ஆவணத்தை யார் கண்ணிலும் காட்டவில்லை. நாகர்கள் வாழும் மணிப்பூர், அசாம், அருணாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில், தங்கள் நிலம் என்ன ஆகும் என்ற கேள்வி ஆண்டுக்கணக்கில் வதந்தியாகவே உலவியது. 2020 ஆகஸ்டில் என்.எஸ்.சி.என். தானே அதை வெளியிட்டபோதுதான் உள்ளே இருப்பது தெரிந்தது. இறையாண்மை அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வது. இரு தரப்பும் சமாதானமாகச் சேர்ந்து வாழும் நீடித்த புதிய உறவு. பகிர்வது என்றால் மத்திய, மாநிலப் பட்டியல்களைப் போலவா, இரண்டு தேசங்களைப் போலவா? ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்வதா, அடுத்தடுத்த வீட்டிலா? மறுபடியும் சிலேடை.

அதற்குள் இன்னொரு தகராறு. மற்ற நாகா அமைப்புகளுக்குக் காட்டப்பட்ட பிரதியில் 'புதிய' என்ற சொல்லை ரவி நீக்கிவிட்டார் என்பது என்.எஸ்.சி.என்.னின் குற்றச்சாட்டு. 'புதிய' இருந்தால் பழைய உறவு முடிந்து வேறொன்று தொடங்குகிறது என்று பொருள் கொள்ளலாம். எடுத்துவிட்டால் இருப்பதே தொடர்கிறது என்றாகிவிடும். ஒரு பெயரெச்சத்துக்கு இவ்வளவு எடை. 2019இல் நாகாலாந்து ஆளுநராகவும் ஆகியிருந்த ரவியுடன் பேச முடியாது என்று இயக்கம் மறுத்தது. 2021 செப்டம்பரில் அவர் தமிழக ஆளுநராகச் சென்னைக்கு வந்ததன் பின்னணி தமிழ் வாசகர்களில் பலருக்கு நினைவிருக்காது. மலையில் யாரும் மறக்கவில்லை.

உண்மையில் முட்டுக்கட்டை என்ன என்பதில் இப்போது மர்மம் எதுவும் இல்லை. தனிக் கொடி, தனி அரசியல் சாசனம், நாகர் பகுதிகள் அனைத்தின் ஒருங்கிணைப்பு. காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்தை 2019 ஆகஸ்டில் ரத்து செய்த அரசு முதல் இரண்டுக்கும் சம்மதிக்கத் தயாராக இல்லை. மூன்றாவதற்குச் சம்மதித்தால் மூன்று மாநிலங்கள் கொந்தளிக்கும். 2023 மே மாதத்திலிருந்து மெய்தேய்-குக்கி மோதலில் ரத்தம் சிந்திய மணிப்பூரில் எல்லைக் கோட்டைப் பற்றிப் பேசுவது வைக்கோல் போரில் தீக்குச்சி உரசுவது போல. இதற்கிடையே 2017இல் வேறு பல நாகா குழுக்கள் தில்லியுடன் தனியாக ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஒரே பிரச்சினை, இரண்டு மேஜை.

மங்கலான மொழிக்கு ஒரு நியாயம் உண்டு. 1997இல் எல்லாவற்றையும் தெளிவாக எழுதித்தான் ஆக வேண்டும் என்று இருவரும் பிடிவாதம் பிடித்திருந்தால் போர் நிறுத்தமே வந்திருக்காது. அந்த ஆண்டு பிறந்த குழந்தை, தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் கிடைக்காத பள்ளிப் பருவத்தைப் பெற்றது. ஊர் எரியவில்லை, காட்டுக்கு ஓட வேண்டியிருக்கவில்லை. இது சிறிய சாதனை அல்ல. சுடாமல் இருக்க ஒப்புக்கொள்வதற்கு, எதற்காகச் சண்டை போட்டோம் என்பதில் கருத்து ஒற்றுமை தேவையில்லை. ஆகவே போர் நிறுத்தத்துக்குச் சிலேடை உதவும். தீர்வுக்கு உதவாது. இந்த வித்தியாசத்தைத்தான் தில்லி திரும்பத் திரும்ப மறந்திருக்கிறது.

பக்கத்து மலையிலேயே பாடம் இருக்கிறது. மிஸோ தேசிய முன்னணி 1966 மார்ச்சில் கலகத்தைத் தொடங்கியபோது விமானப் படை ஐஸால் நகரின் மீதே குண்டு போட்டது. கிராமங்கள் கூண்டோடு பெயர்த்து நெடுஞ்சாலை ஓரம் குடியமர்த்தப்பட்டன. நாகர்களைவிடக் குறைவான காயம் அல்ல அது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1986 ஜூன் 30 அன்று லால்டெங்கா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மிஸோக்கள் வாழும் அண்டை மாநிலப் பகுதிகளையும் சேர்த்து ஒரே மாநிலம் வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. ஒப்பந்தம் அதைப் பூசி மெழுகவில்லை. கோரிக்கை எழுப்பப்பட்டது, சாசனத்தின் மூன்றாவது பிரிவில் அதற்கு வழிமுறை உண்டு, ஆனால் அரசு எந்த உறுதியும் தர இயலாது என்று எழுதியே வைத்தார்கள்.

நாகாலாந்து மாநிலம் அமையக் காரணமான 1960ஆம் ஆண்டு உடன்பாட்டிலும் ஏறக்குறைய இதே வாசகம் உண்டு. ஒரு வித்தியாசம்: அதில் 'இந்தக் கட்டத்தில்' உறுதி தர இயலாது என்றிருந்தது. கட்டம் எப்போது மாறும் என்று ஒரு மக்கள் காத்திருக்கத் தொடங்கினார்கள். அதைவிடப் பெரிய குறை, அன்று மேஜையில் இருந்தவர்கள் மிதவாதிகள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் காட்டில் இருந்தார்கள்.

மிஸோராமில் துப்பாக்கி வைத்திருந்தவரே மேஜைக்கு வந்தார். ஒரே இயக்கம், ஒரே தலைவர். 'இல்லை' என்று சொன்ன தில்லி, தருவதாகச் சொன்னதைத் தந்தது. காங்கிரஸ் முதல்வர் லால் தன்ஹாவ்லா தன் நாற்காலியை லால்டெங்காவுக்கு விட்டுக்கொடுத்தார். 1987 பிப்ரவரியில் மிஸோராம் மாநிலமானது. நிலமும் வழக்கச் சட்டமும் சாசனப் பாதுகாப்பு பெற்றன. அடுத்த ஆண்டே கட்சித் தாவலால் லால்டெங்காவின் ஆட்சி கவிழ்ந்தது. அவருடைய ஆட்கள் காட்டுக்குத் திரும்பவில்லை. அடுத்த தேர்தலுக்குக் காத்திருந்தார்கள். கிடைக்காதது எது என்று தெரிந்தவர்களுக்குத்தான் கிடைத்ததை வைத்து வாழ முடிகிறது.

நாகாலாந்தில் அந்தத் தெளிவின்மைக்கு மாதாமாதம் விலை கொடுப்பது மக்கள்தான். தீர்வு வராதவரை ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் 'அரசு', ஒவ்வோர் அரசுக்கும் ஒரு வரி. கடைக்காரர், லாரி ஓட்டுநர், அரசு ஊழியர் என்று யாருக்கும் விலக்கு இல்லை. 2013 அக்டோபர் 31 அன்று திமாப்பூரில் ஆயிரக்கணக்கானோர் கூடி, ஓர் அரசு, ஒரே வரி என்று கோஷமிட்டார்கள். துப்பாக்கிகளின் நிழலில் அப்படிக் கூடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். மறுபுறம், போர் நிறுத்தம் இருந்தும் ஆயுதப் படைகளின் சிறப்பு அதிகாரம் போகவில்லை. 2021 டிசம்பரில் மோன் மாவட்டத்து ஓட்டிங் கிராமத்தில், சுரங்க வேலை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்த 6 தொழிலாளர்களை ராணுவத்தின் சிறப்புப் படை போராளிகள் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றது. அடுத்து மூண்ட மோதலில் மேலும் பலர் இறந்தார்கள். போரும் இல்லாத, சமாதானமும் இல்லாத இடைவெளியில் நடப்பவை இவை.

2025 அக்டோபரில் முய்வா, மணிப்பூரின் உக்ருல் மாவட்டத்திலுள்ள தன் சொந்த ஊரான சோம்தாலுக்கு ஏறத்தாழ 50 ஆண்டுகள் கழித்துச் சென்றார். 2010இல் இதே பயணம் மாநில எல்லையிலேயே தடுக்கப்பட்டு உயிர்ப்பலியில் முடிந்திருந்தது. இம்முறை ஊர் திரண்டு வரவேற்றது. வந்தவருக்கு வயது 91. உடன் கையெழுத்திட்ட ஐசக் 2016இலேயே காலமாகிவிட்டார். வந்தவர் கையில் தீர்வு இல்லை.

இவர்கள் தலைமுறை போன பிறகு யாருடைய கையெழுத்துக்கு அந்த மலைகளில் மதிப்பு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கொடி, சாசனம், நிலம். மூன்றுக்கும் தில்லி தன் பதிலை ஆளுக்கொரு வரியில், எல்லா நாகா குழுக்களும் அண்டை மாநில மக்களும் படிக்கும்படி எழுதிவிடலாம். அந்த வரிகளில் ஒன்றிரண்டு 'இல்லை' என்றே இருக்கலாம். அதற்கு ஈடாக எதைத் தர முடியும் என்பதே பிறகு பேச்சுவார்த்தை. கோபம் வரும், ஆனால் அது எரிக்கும் ஊரைவிட, இரண்டு பொருள் தரும் மூன்று சொற்கள் எரித்த ஊர் பெரியது என்பதற்கு இம்பால் சாட்சி.