ஸ்டிக்கரைக் கிழித்த பிறகு

சென்ற ஆண்டு பழைய ஸ்ப்ளெண்டர் ஒன்று வாங்கினேன். களப்பணிக்குப் போகும் கிராமங்களுக்கு நாளுக்கு இரண்டே பேருந்துகள். உதவித்தொகை எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது என்பதால் புது வண்டி பற்றி யோசிக்கவில்லை. புரோக்கர் காட்டிய வண்டியில் இன்ஜின் நன்றாக இருந்தது. டேங்கின் இரு பக்கமும் ரேடியம் ஸ்டிக்கரில் ‘ஆண்ட பரம்பரை’. ஹெட்லைட்டுக்கு மேலே வெள்ளி நிறத்தில் ஒரு சிங்க முகம். “அது கிடக்கட்டும் சார், வண்டிக்கு ஒரு கெத்து” என்றார் புரோக்கர். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அன்றே கிழிக்கப் போனேன். தடுத்தவர் அம்மா. “இருந்துட்டுப் போகட்டும்டா. ராத்திரில தனியா வர்ற. அதைப் பாத்தா எவனும் வம்புக்கு வரமாட்டான்.” அம்மா சாதிக்கு வக்காலத்து வாங்கவில்லை. சேரியிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போக நாற்பது வருடம் ஊர்த்தெரு வழியாக நடந்தவர் போட்ட கணக்கு அது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டியதற்காகத் தங்கள் பிள்ளையின் கைகளை வெட்டிவிட்டார்கள் என்று ஒரு தலித் கல்லூரி மாணவரின் குடும்பம் கதறியது. அந்தச் செய்தியை அம்மாவும் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார்.

அவருக்காக ஒரு வாரம் விட்டுவைத்தேன். அந்த ஒரு வாரம் நான் படித்த எந்தப் புத்தகமும் சொல்லித்தராத பாடம். முன்பின் தெரியாத டீக்கடையில் “வாங்க மாப்ள” என்று பெஞ்சில் இடம் விட்டார்கள். வாகனச் சோதனையில் காவலர் டேங்கைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிக் கையசைத்தார். ஸ்டிக்கரைக் கிழித்த பிறகு அதே இடத்தில் நிறுத்தினார்கள். ஆர்சி, இன்சூரன்ஸ், பையைத் திற, எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு. இரண்டு முறை நடந்ததை வைத்து ஆய்வேட்டில் ஒரு வரிகூட எழுத முடியாது, என் நெறியாளர் அடித்துவிடுவார். ஆனால் ‘எந்தத் தெரு’ என்ற கேள்விக்கு என்ன பொருள் என்று இந்த நாட்டில் யாருக்குத்தான் தெரியாது?

கிழிப்பதும் லேசான வேலையாக இல்லை. தெரிந்த மெக்கானிக் அண்ணன் வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு, அதன்மேல் தலைமுடி காயவைக்கும் டிரையரால் சூடுகாட்டி, பழைய ஏடிஎம் கார்டால் ஓரத்திலிருந்து நெம்பினார். சிங்கம் இரண்டு பக்கமும் ஒட்டும் ஸ்பாஞ்ச் டேப்பில் நின்றது. தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு ரம்பம்போல் இழுத்து இழுத்து அறுத்தோம். எழுத்து போனாலும் பசை போகவில்லை. பல வருடத் தூசியைத் தின்று கறுத்து, எழுத்தின் வடிவத்திலேயே ஒட்டிக்கிடந்தது. நான் அவசரப்பட்டுத் தின்னரை எடுத்தேன். “பெயின்டும் சேர்ந்து வந்துரும் தம்பி” என்று பிடுங்கிக்கொண்டார். தேங்காய் எண்ணெய் தடவி அரைமணி நேரம் ஊறவிட்டுத் துடைத்தோம், மீதிக்கு மண்ணெண்ணெய், பிறகு ஷாம்புக் கழுவல்.

வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால், ‘ஆண்ட பரம்பரை’ அப்படியே இருக்கிறது! சுற்றியிருந்த கறுப்பு வெயிலில் வெளுத்திருந்தது. ஸ்டிக்கருக்கு அடியில் வெயில் படாத இடம் மட்டும் புதுக் கறுப்பாக மின்னியது. கட்டிங் பாலிஷ் போட்ட பின் மங்கியது, மறையவில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு நடுநிலைவாதி வருவார். “எல்லோரும்தானே ஒட்டுகிறார்கள்? அம்பேத்கர் ஸ்டிக்கரையும் கிழிக்கச் சொல்லுங்களேன்.” ‘ஆண்ட பரம்பரை’ என்றால் யாரை ஆண்ட பரம்பரை? அந்தச் சொல்லுக்குள் ஆளப்பட்டவன் ஒருவன் கட்டாயம் இருந்தாக வேண்டும். அரசமைப்புச் சட்டத்தைக் கையில் ஏந்திய மனிதரின் படம் யாரையும் கீழே நிறுத்தாது. ஒன்று மிரட்டல், மற்றது மிரட்டலுக்குப் பணிய மறுப்பது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதுதான் இங்கே பலருக்குச் சமத்துவம்.

இந்தத் தராசை அரசே பிடித்ததுண்டு. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனின் தளபதி, தேவேந்திரகுல வேளாளர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள் ஆதிக்கச் சாதியினர். தென்மாவட்டங்கள் எரிந்தன. அரசு என்ன செய்தது? ஏற மறுத்தவர்களிடம் ‘ஏன்’ என்று கேட்கவில்லை. எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பெயர்களையும், மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்களின் பெயர்களையும் ஒட்டுமொத்தமாக நீக்கியது. பல்லவன், சேரன், பாண்டியன் எனப் பல ஆண்டுகள் ஓடிய பெயர்களால் எந்தச் சிக்கலும் வந்ததில்லை. ஒரு தலித் பெயர் பேருந்தில் ஏறியதும் பெயர்களே ஆபத்தாகிவிட்டன. பேருந்தில் பெயின்ட் அடித்து மறைத்தார்கள். ஏற மறுத்த மனதுக்கு யாரும் பெயின்ட் அடிக்கவில்லை.

அதனால்தான் ‘ஸ்டிக்கருக்குத் தடை’ என்ற செய்தியைக் கேட்டுக் கைதட்ட எனக்குத் தயக்கம். 2024 மே மாதம் சென்னையில் போக்குவரத்துக் காவல்துறை எடுத்த நடவடிக்கையில் பிரஸ், போலீஸ், டாக்டர், வழக்கறிஞர் ஸ்டிக்கர்களே பேசுபொருளாயின. 2025 செப்டம்பரில் உத்தரப்பிரதேச அரசு, அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, வாகனங்களில் சாதியை எழுதத் தடை போட்டது. போடட்டும். நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கைக்கயிறுகளோடு சாதி அடையாளம் தீட்டிய சைக்கிள்களும் கூடாதென்றது. அந்த அறிக்கை வந்த உடனே எதிர்ப்புக் குரல் எங்கிருந்தெல்லாம் எழுந்தது என்பதை நாம் பார்த்தோம். சைக்கிளில் நிறம் தீட்டும் பையனைத் தண்டிப்பது எளிது. சோதனைச் சாவடியில் ‘எந்தத் தெரு’ என்று கேட்கும் காக்கிச்சட்டையை யார் தண்டிப்பது? அபராத ரசீது எழுதப்போகிறவரும் அவர்தானே?

என் வண்டியில் மாலை வெயில் சாய்ந்து விழும்போது அந்த எழுத்துகளை இன்னமும் வாசிக்கலாம். உதவித்தொகை வந்ததும் டேங்குக்குப் புதுப் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். என்ன நிறம் என்று மெக்கானிக் அண்ணன் கேட்டார். நீலம் என்றேன். ஆர்சியில் கறுப்பு என்று இருப்பதை நினைவுபடுத்திவிட்டு, “அம்மாகிட்ட சொல்லிட்டியா?” என்றார். இன்னும் சொல்லவில்லை.