டெமரேஜ் கணக்கும் விரல் கணக்கும்

நியூ டவுனுக்குள் கூட்ஸ் வண்டி வராது. ஆனால் இங்கே இருக்கும் கண்ணாடிக் கட்டடங்களில் கூட்ஸ் வண்டியை வைத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறோம். அடியேனும் ஒருவன். ஆலைகளின் தனியார் சைடிங்குக்குள் ரேக் எப்போது வந்தது, எப்போது காலியானது, எவ்வளவு தாமதம் என்று கணக்குப் போட்டுத் திரையில் காட்டும் மென்பொருள் எழுதுவதுதான் வேலை. பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு வந்தால் யாருக்காவது போன் போகும். அந்தச் சிவப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

சைடிங் என்றால் மெயின் லைனிலிருந்து பிரிந்து ஆலைக்குள் போகும் தண்டவாளம். மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி வருவதும் டால்மியாபுரத்திலிருந்து சிமென்ட் போவதும் இந்த மாதிரி லைன்களில்தான். ரயில்வே வண்டியைக் கொண்டுவந்து ஒப்படைக்கும். அந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடும். இலவச நேரத்துக்குள் ஏற்றியோ இறக்கியோ திருப்பிக் கொடுக்காவிட்டால் டெமரேஜ். பல வருஷமாகப் புழங்கிய அடிப்படை விகிதம் வேகனுக்கு மணிக்கு 150 ரூபாய். 58 வேகன் உள்ள ரேக் என்றால் மணிக்கு 8,700 ரூபாய். நேரம் போகப் போக விகிதமும் ஏறும்.

இதில் ரயில்வேயைக் குறை சொல்ல மாட்டேன். வேகனையே குடோனாக வைத்துக்கொள்ளும் ஆசாமிகள் நம் ஊரில் உண்டு. அவர்களுக்கு அபராதம் வேண்டியதுதான்.

ஆனால் கடிகாரம் ஓடும் நேரத்தில் தரையில் என்ன நடக்கிறது? பல சைடிங்குகளில் முழு ரேக் நிற்க நீளம் கிடையாது. ரேக்கை இரண்டாக வெட்டி, பாதியை ஒரு லைனிலும் மீதியை இன்னொன்றிலும் தள்ள வேண்டும். இறக்கியதை வெளியே இழுக்க வேண்டும், பழுதான வேகனைத் தனியே கழற்ற வேண்டும், கடைசியில் எல்லாவற்றையும் மறுபடி கோர்க்க வேண்டும். இதுதான் ஷண்டிங். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும்போது ஓட்டுநருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. பாதி ரேக் என்றாலும் முன்னூறு மீட்டர். அந்தக் கோடியில் ஒருவர் பச்சைக் கொடியை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் 'விலகிப் போ', உடம்புக்குக் குறுக்கே அசைத்தால் 'என் பக்கம் வா'. ராத்திரியில் கொடிக்குப் பதில் கைவிளக்கு. நிலக்கரித் தூசியிலும் வங்காளத்து ஜனவரி மூடுபனியிலும் அதே விளக்குதான். ஷண்டிங் வேகம் 15 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. சைக்கிள் வேகம்தானே என்று தோன்றும். நிலக்கரி ஏற்றிய ஒரு வேகன் 80 டன்னுக்கு மேல் என்பதை அத்துடன் சேர்த்துப் படியுங்கள்.

நம் கூட்ஸ் வேகன்களில் இருப்பது தானியங்கிக் கொக்கி. மெதுவாக மோதினால் தானே பூட்டிக்கொள்ளும், ஆள் நடுவே போக வேண்டாம் என்பது பாடப்புத்தகம். இரண்டு பக்கமும் கொக்கி மூடியிருந்தால் பூட்டாது. ஒன்றையாவது திறந்துவைக்க ஆள் போக வேண்டும். பூட்டிய பிறகு பிரேக் குழாய்களைக் கையால்தான் மாட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு வேகன்களுக்கு நடுவே ஒருவர் குனிகிறார், எஞ்சின் அசையாது என்ற நம்பிக்கையில்.

2024 நவம்பர் 9 அன்று பீகாரின் பரௌனி ஸ்டேஷனில் அப்படி நடுவே நின்ற ரயில்வே ஊழியர் ஒருவர் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையில் நசுங்கி இறந்தார். அது பயணிகள் ஸ்டேஷன். யாரோ எடுத்த படம் பரவியது, நாடு முழுக்கத் தெரிந்தது. ஆலைச் சுவருக்குள் பிளாட்பாரமும் இல்லை, படம் எடுக்கப் பயணியும் இல்லை.

வேலை விஷயமாக ஒரு சைடிங்குக்குப் போயிருந்தேன் (பெயர் வேண்டாம்). ஷண்டிங்குக்கு மூன்று பேர், மூவரும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். ஒருவர் காலில் ரப்பர் செருப்பு. வாக்கி டாக்கி இரண்டு, அதில் ஒன்றுக்குச் சார்ஜ் இல்லை. எங்கள் திரை சிவப்பானதும் சூப்பர்வைசர் போனில் கத்த ஆரம்பித்தார். மூவரில் மூத்த தாதா 'ஹோயே ஜாபே' என்றார். ஆகிடும் என்று அர்த்தம். சொல்லிவிட்டு வண்டி முழுசாக நிற்பதற்குள் உள்ளே நுழைந்துவிட்டார். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆபீஸ் திரும்பியதும், 'ஆபத்தாக நின்ற தருணங்கள்' என்று ஒரு பத்தியைத் திரையில் சேர்க்கலாமா என்று கேட்டேன். வாடிக்கையாளர் கேட்கவில்லையே என்றார்கள். அதுவும் நிஜம்தான்.

எண்ணாதவரை எதுவும் மாறாது என்பதற்கு இந்தக் கொக்கியின் சரித்திரமே சாட்சி. அமெரிக்காவில் ஜானி என்பவர் தானியங்கிக் கொக்கிக்குக் காப்புரிமை வாங்கியது 1873-இல். நம் வேகனில் இருப்பது அதன் பேரன். அதற்கு முன்னால் வளையத்தில் கையால் ஆணி செருக வேண்டும். விரல் போன பிரேக்மேன் என்றால் அனுபவசாலி என்று அர்த்தம்! கொக்கி வந்தும் செலவு என்று சொல்லி ரயில் கம்பெனிகள் இழுத்தடித்தன. லாரென்சோ காஃபின் என்ற அயோவா மாநிலத்துக்காரர் விபத்துக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வருஷக் கணக்கில் எல்லாரையும் நச்சரித்தார். 1893-இல் சட்டம் வந்தது, 1900-இல் முழுசாக அமலானது.

இங்கே கணக்கு எடுப்பது யார்? ரயில்வே பாதுகாப்பு ஆணையர் சட்டப்படி கட்டாயமாக விசாரிப்பது பயணிகள் வண்டிகளின் பெரிய விபத்துகளை. (அந்த ஆணையம் இருப்பது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ். நம்பித்தான் ஆக வேண்டும்.) சைடிங்கில் ஒப்பந்த ஆள் போனால் ஆலை விபத்துகளில் ஒரு வரியாகக் கரைந்துபோகும்.

இயந்திரமயமாக்கினால் தீர்ந்துவிடும் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஓரளவு சரி. ஃபராக்கா அனல் மின் நிலையத்துக்கு லால்மாட்டியாவிலிருந்து நிலக்கரி வரும் என்டிபிசியின் சொந்த லைனில் ரேக்கை வெட்டவே வேண்டாம். வேகனின் அடிக்கதவு திறந்து நிலக்கரி கொட்டும், வண்டி வளைந்து திரும்பிப் போய்விடும். ஷண்டிங்கையே ஒழிக்கும் ஏற்பாடு. ஆனால் 2025 ஏப்ரல் 1 விடியுமுன் அதே லைனில், ஜார்க்கண்டின் பர்ஹைட் அருகே, நின்றுகொண்டிருந்த காலி வண்டியில் நிலக்கரி வண்டி மோதி ஓட்டுநர்கள் உயிரிழந்தார்கள். வண்டிகளும் தண்டவாளமும் என்டிபிசியுடையவை என்று ரயில்வே தரப்பு சொன்னது. உண்மைதான். எல்லை எங்கே முடிகிறது என்பதில் மட்டும் எல்லாரும் தெளிவாக இருக்கிறார்கள்.

ஆலைக்குள் யார் சம்பளம் கொடுத்தாலும் ஷண்டிங் செய்பவருக்கு ரயில்வேயின் பாயிண்ட்ஸ்மேனுக்கு இணையான பயிற்சியும் தகுதிச் சான்றும் வேண்டும். சைடிங் ஒப்பந்தத்திலேயே அதை எழுதலாம். டெமரேஜ் விதியை எழுதத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமில்லை. இன்னொன்று, தரையில் இருப்பவர் 'ஆபத்து, நிறுத்து' என்று சொன்னால் அந்த நிமிடங்கள் டெமரேஜ் கணக்கில் சேரக் கூடாது. ஆலைக்காரர்கள் இதை ஏமாற்றப் பயன்படுத்துவார்கள் என்று ரயில்வேக்காரர்கள் சிரிப்பார்கள். சில பேர் ஏமாற்றவும் செய்வார்கள். கையெழுத்துப் போட்டுக் காரணம் எழுதச் சொல்லுங்கள், யார் எத்தனை முறை நிறுத்தினார் என்று மாதக் கடைசியில் பாருங்கள். அதற்கு ஒரு பத்தி சேர்க்க எங்களுக்கு ஒரு வாரம் போதும்.

செலவு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். ஒரு ரேக்கின் ஒரு மணி நேர டெமரேஜில் அந்த மூன்று பேருக்கும் பூட்ஸ் வாங்கி, இரண்டாவது வாக்கி டாக்கிக்கு பேட்டரியும் போட்டுவிடலாம்.