வாங்கிய புத்தகம் யாருடையது?



பட்டணத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன், விடுமுறைக்கு வந்தபோது வீடு தேடி வந்தான். கையில் ஒரு சுருக்குப் பை. அவிழ்த்துக் கொட்டினால் பகடைகள். நாம் தாயம் ஆடுகிற பகடை அல்ல. ஒன்றுக்கு நான்கு முகம், இன்னொன்றுக்கு எட்டு முகம், ஒன்றுக்கு இருபது முகம்!

"சார், இந்த ஆட்டத்துக்கு விதிப் புத்தகம் வாங்கணும். அச்சுப் புத்தகமா வாங்கவா, இல்ல கம்ப்யூட்டர்ல படிக்கிற மாதிரி வாங்கவா? அது விலை கொறைச்சல்," என்றான்.

விலை குறைந்ததையே வாங்கடா என்று சொல்லி அனுப்பியிருப்பேன். நல்ல வேளையாகச் சொல்லவில்லை. விசாரிக்க விசாரிக்க, இது அவன் ஒருவனுடைய சங்கதியாகப் படவில்லை. பாட்டையும் படத்தையும் பாட நூலையும் கைப்பேசியிலேயே காசு கொடுத்து வாங்குகிற பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: ஒருவர் போர்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். "பூட்டை உடைக்கிறேன்" என்று திருடன் சொன்னால், பூட்டு உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கூத்துக்கு வேடம் கட்டுவது போலத்தான். ஆனால் இங்கே அரிதாரமும் இல்லை, முடிவும் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. இதற்கு வேண்டிய ஒரே சரக்கு விதிப் புத்தகம்.

இந்தத் தொழில் பிறந்தது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சின்ன ஊரில். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கிய "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" 1974இல் வெளிவந்தது. கைகாக்ஸ் காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பிறகு செருப்புத் தைத்தும் பிழைத்தவர். மூன்று சிறு புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கி, பெட்டி 10 டாலர் என்று, முதலில் 1,000 பெட்டிகள்தாம் போட்டார்கள். வீட்டில் வைத்துக் கையாலேயே கட்டிய பெட்டிகள். அத்தனையும் ஓர் ஆண்டுக்குள் விற்றுத் தீர்ந்தன. டிஎஸ்ஆர் என்ற அவர்களுடைய நிறுவனம் பெரிதாக வளர்ந்தது.

வளர்ந்த நிறுவனத்தைச் சாய்த்ததில் அச்சுச் சரக்குக்கும் பங்கு உண்டு. புத்தக வியாபாரத்தில் ஒரு வழக்கம்: விற்காத பிரதிகளைக் கடைக்காரர் திருப்பி அனுப்பலாம். இன்றைக்கு விற்றதாக எழுதிய கணக்கு, ஆறு மாதம் கழித்து மூட்டையாக வாசலுக்கு வந்து நிற்கும். 1996இல் டிஎஸ்ஆருக்கு அப்படித்தான் வந்தது. கடைகளுக்குப் போன நாவல்கள் குவியல் குவியலாகத் திரும்பின. பகடை ஆட்டப் பெட்டிகளும் தேங்கின. அச்சகத்துக்குக் கடன். கடன் தீராமல் அச்சகம் அடுத்த புத்தகத்தை அடித்துத் தராது. புத்தகம் அடிக்காமல் கடன் தீராது. 1997இல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்னும் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. 1999இல் அந்த நிறுவனத்தையே ஹாஸ்புரோ என்ற பொம்மைக் கம்பெனி வாங்கியது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். கடையில் 50 டாலருக்கு விற்கும் அச்சுப் புத்தகத்துக்கு, மொத்த வியாபாரி பதிப்பாளருக்குக் கொடுப்பது ஏறத்தாழ 20 டாலர். அந்த இருபதில் காகிதம், அச்சுக்கூலி, கப்பல் கூலி, கிடங்கு வாடகை, படம் வரைந்தவர் கூலி எல்லாம் போக வேண்டும். அதையே கணினிக் கோப்பாக டிரைவ்த்ரூ ஆர்பிஜி என்ற இணையக் கடையில் 20 டாலருக்குப் போட்டால், 100க்கு 65 வீதம் 13 டாலர் பதிப்பாளருக்கு. வேறெங்கும் விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டால் 70 வீதம், அதாவது 14 டாலர். காகிதமும் இல்லை, கப்பலும் இல்லை, திரும்பி வரும் மூட்டையும் இல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர்கூடத் தன் புத்தகத்தை உலகம் முழுக்க விற்கலாம். வாங்குகிறவருக்கும் விலை குறைவு.

அப்படியானால் கோப்பே நல்லது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 2009ஆம் ஆண்டுக் கதையைப் படிக்கும் வரை.

அந்த ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி, விஸார்ட்ஸ் நிறுவனம் தன் கோப்புகளை இனி யாரும் விற்கக்கூடாது என்று இணையக் கடைகளுக்கு உத்தரவு போட்டது. புதிய விதிப் புத்தகம் ஒன்றைச் சிலர் திருட்டுத்தனமாகப் பரப்பிவிட்டார்கள். 8 பேர்மீது வழக்கும் தொடுத்தார்கள். திருட்டு திருட்டுத்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒழுங்காகக் காசு கொடுத்து வாங்கியவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? வாங்கிய கோப்பை மறுபடி இறக்கிக்கொள்ள, பைசோ என்ற கடையில் அவர்களுக்குக் கொடுத்த தவணை மறுநாள் நண்பகல் வரை. அதற்குள் தன் கணினியில் இறக்கி வைத்தவன் பிழைத்தான். கடையிலேதான் இருக்கிறதே என்று விட்டவன் இழந்தான். விஸார்ட்ஸ் மறுபடி கோப்பு விற்க வந்தது 2013 ஜனவரியில்; ஏறக்குறைய நான்கு ஆண்டு கழித்து.

இதைப் படித்தபோது எனக்கு லயத்து வீடுதான் நினைவுக்கு வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது நாம். வாசலில் முருங்கை வைத்தது நாம். பிள்ளைகள் தவழ்ந்த தரை அது. ஆனாலும் வீடு தோட்டத்துடையது. என் தகப்பனார் வேலை ஓய்ந்த மாதம், முப்பது ஆண்டு இருந்த வீட்டின் சாவியைக் கொண்டுபோய் ஆபீசு மேசையில் வைத்தார். யாரும் அவரை ஏமாற்றவில்லை. முதல் நாளே ஏற்பாடு அதுதான். இடையில் நாங்கள்தாம் மறந்துபோனோம்.

கணினியில் வாங்குவதிலும் இரண்டு விதம் உண்டு என்பதைக் கவனியுங்கள். ஒன்று, கோப்பை இறக்கி நம் கணினியில் வைத்துக்கொள்வது. அது நம் பெட்டியில் வைத்த சாமான். கடை மூடினாலும் பெட்டியில் இருக்கும். மற்றொன்று, அவர்கள் இடத்துக்கே போய்க் கடவுச்சொல் போட்டுப் படித்துவிட்டு வருவது. 2017இல் தொடங்கிய "டி அண்ட் டி பியாண்ட்" இரண்டாவது விதம். 2022இல் ஹாஸ்புரோ அதை 14 கோடியே 63 லட்சம் டாலருக்கு வாங்கியது. பாத்திரத்தின் பலம், ஆயுதம், மந்திரம் எல்லாவற்றையும் அதுவே கூட்டிக் கழித்துக் கொடுக்கும், சொகுசுக்குக் குறைவில்லை. ஆனால் 2014இல் வந்த விதிப் புத்தகத்தை இறக்கி வைத்துக்கொள்ளும் கோப்பாக அந்த நிறுவனம் விற்கவே இல்லை. அச்சில் வாங்கு, இல்லையேல் எங்கள் இடத்தில் வந்து படி.

2024இல் இரண்டு காரியம் நடந்தது. அதுவரை ஒரு பூதத்தை மட்டும், ஒரு மந்திரத்தை மட்டும் சில்லறையாக அங்கே வாங்க முடிந்தது. மே மாதம் அதை நிறுத்தினார்கள். கால் கிலோ சீனி கேட்டவனிடம் மூட்டையாக எடு என்று சொன்ன கதை! பிறகு ஆகஸ்டில், புதிய பதிப்பு வரப்போகும் நேரத்தில், ஆட்டக்காரர்களின் பாத்திரத் தாளில் உள்ள பழைய மந்திரங்களும் மாயப் பொருள்களும் புதிய விதிக்கு மாறிவிடும் என்று அறிவித்தார்கள். பழையது வேண்டுமானால் நீயே உட்கார்ந்து தட்டச்சு செய்துகொள் என்ற கணக்கு. காசு கொடுத்து வாங்கியவர்கள் விடவில்லை. பெருங்கூச்சல் போட்டார்கள். சில நாளிலேயே நிறுவனம் பின்வாங்கியது.

பின்வாங்கியது நல்லதுதான். ஆனால் அலமாரியில் இருக்கும் அச்சுப் புத்தகத்தின் பக்கத்தை இரவோடு இரவாக வந்து மாற்றி எழுதப் போகிறோம் என்று யாராவது அறிவிக்க முடியுமா?

அச்சுப் புத்தகத்துக்குக் கரையான் உண்டு, வெள்ளம் உண்டு, இரவல் வாங்கித் திருப்பித் தராத சிநேகிதர் உண்டு (என் வீட்டிலிருந்து போனவை இன்னும் வரவில்லை). கோப்பை இரண்டு மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைக்கலாம். ஒரு சொல்லைத் தட்டினால் பக்கம் வந்து நிற்கும். மேசையில் நாலு பேர் கூடி ஆடும்போது மட்டும், விரல் வைத்துப் புரட்டும் புத்தகத்துக்கு ஈடில்லை என்பது என் எண்ணம். சில சிறு பதிப்பாளர்கள் இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். 2010இல் தொடங்கிய "பிட்ஸ் அண்ட் மார்ட்டர்" என்ற ஏற்பாட்டில், உள்ளூர்க் கடையில் அச்சுப் புத்தகம் வாங்கினால் கோப்பு இலவசம். கடைக்காரர் பிழைப்பும் போகாது, வாங்கியவருக்கும் இரட்டைச் செலவு இல்லை. கேட்டவருக்கு மட்டும் ஒவ்வொரு பிரதியாக அச்சடித்து அனுப்பும் முறையும் வந்துவிட்டது; கிடங்கில் மூட்டை தேங்காது.

இதையெல்லாம் மாணவனிடம் சொன்னேன். "அப்ப நான் பார்த்து வெச்சிருக்கிறது எந்த விதம் சார்?" என்று கேட்டான். இருவரும் சேர்ந்து அவன் கைப்பேசியில் தேடினோம். பணம் செலுத்தும் பொத்தான் பெரிதாக இருந்தது. உரிமை பற்றிய எழுத்து எறும்பு அளவு. என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. படித்து முடித்ததும் அவன் பொத்தானை அழுத்தாமல் கைப்பேசியைப் பையில் வைத்துக்கொண்டான்.

2014இல் அந்த நிறுவனமே ஆட்டத்தின் அடிப்படை விதிகளை இலவசக் கோப்பாக வெளியிட்டிருந்தது. அதைத் தேடிப் பிடித்து, பட்டணத்து நகல் கடையில் அச்செடுத்து, ஓரத்தில் துளை போட்டு நூல் கோத்து வைத்திருக்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் நாலு பேர் கூடுகிறார்கள். திருடன் வேடம் அவனுக்கு.